"ஈஸியா ரெண்டு ஸ்டார்ட்டர் போதும் அண்ணி"

இந்த வரியை முதன்முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். காணும் பொங்கலன்று சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படியில், கையில் ஒரு ஜல்லிக் கரண்டியைக் கொடுத்து, 23 பேருக்கு பஜ்ஜி போடச் சொல்லி அவரை நிறுத்த வேண்டும். ஃபேன் போடக் கூடாது. போட்டால் அடுப்பு அணையும் என்று என்னிடம் சொன்னார்களே, அதே காரணம்தான்.

முக்கொம்புக்குப் போவதாகத்தான் பேச்சு. திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், காணும் பொங்கல் என்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முக்கொம்பு, இல்லாவிட்டால் கல்லணை. நான் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல்கூடக் காய்ச்சி வைத்திருந்தேன். காலை 10 மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் போடுகிறாள்: "முக்கொம்புல கூட்டம் நெரியுதாம். பேசாம எல்லாரும் அண்ணன் வீட்டுக்கே வந்துடறோம். பெருசா ஒண்ணும் பண்ணாதீங்க. ஈஸியா ரெண்டு ஸ்டார்ட்டர் போதும் அண்ணி."

அதற்குக் கீழே வரிசையாக நாலு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அதில் ஒரு கட்டை விரல் என் வீட்டுக்காரருடையது. மூன்றடி தள்ளி சோபாவில் உட்கார்ந்துகொண்டு தூக்கியிருக்கிறார் மனிதர்.

முதல் நாள் சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, ஏழுகறிக் கூட்டு. மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குக் கறிக் குழம்பு, வறுவல். இடுப்பு என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது வலி மட்டும்தான் இருக்கிறது. மூன்றாம் நாளாவது ஆற்றங்கரையில் காலை நீட்டி உட்காரலாம் என்றால், ஸ்டார்ட்டராம்.

அதென்ன ஸ்டார்ட்டர்? எங்கள் பாட்டி வீட்டில் சாயங்காலம் யாராவது வந்தால் காபியும் காரமும் கொடுப்பார்கள். அதற்குப் பலகாரம் என்று பேர். மிஞ்சிப்போனால் டிபன். சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இப்போது ஓட்டல் மெனு கார்டு பார்த்துப் பார்த்து, அது ஸ்டார்ட்டர் ஆகிவிட்டது. ஸ்டார்ட் ஆனால் முடிவும் வேண்டுமே? அதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி 9 மணிக்கு அதுவே கதவைத் தட்டும். அந்தக் கொடுமைக்கு அப்புறம் வருகிறேன்.

கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். '5 நிமிடத்தில் விருந்தினரை அசத்தும் ஸ்நாக்ஸ்'. உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறார்: "வேக வைத்துத் தோலுரித்து மசித்த உருளைக்கிழங்கு நாலு எடுத்துக்குங்க." எங்கிருந்து எடுத்துக்கொள்வது? யார் வேக வைத்தது? குக்கரில் நாலு விசில், ஆவி அடங்கக் கால் மணி நேரம், சூட்டோடு தோலை உரித்து விரல் நுனி வெந்தது இதெல்லாம் எந்த 5 நிமிடத்தில் சேர்த்தி? அடுத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு கிண்ணம். அடுத்து, ராத்திரியே ஊற வைத்த கொண்டைக்கடலை. ராத்திரியே! அந்த 8 மணி நேரம் கணக்கிலேயே வரவில்லை. கடைசியில், "இதை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் 5 நிமிட ஸ்நாக்ஸ் ரெடி." வீடியோ ஓடுகிற நேரம்தான் 5 நிமிடம். அதிலும் விளம்பரம் ஒன்று.

கடையில் வாங்கிவிடலாமே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. போன தீபாவளிக்கு வாங்கினேன். சமோசா, 40. சாப்பிட்டு முடித்து விரலைச் சூப்பிக்கொண்டே சின்ன மாமனார் சொன்னார், "அந்தக் காலத்துல நம்ம வீட்டுல கடைப் பலகாரம் உள்ள வராது." அதோடு கடைக் கணக்கு முடிந்தது.

சரி, பஜ்ஜி. வாழைக்காய் பஜ்ஜி. உலகத்திலேயே ஈஸியான ஸ்டார்ட்டர் என்று மாமியாரே சான்றிதழ் கொடுத்துவிட்டார்: "சீவிப் போட்டு முக்கி எடுக்க வேண்டியதுதானே."

முக்கி எடுக்க வேண்டியதுதான். கணக்குப் போடுவோமா? ஆளுக்கு நாலு என்று வையுங்கள். நாலு என்பது எங்கள் குடும்பத்தில் அவமரியாதை, "எனக்கு ரெண்டு போதும்" என்றால் ஆறு என்று அர்த்தம். இருந்தாலும் நாலு. 23 பேருக்கு 92 பஜ்ஜி. ஒரு வாழைக்காயில் பத்து வில்லை தேறும், அதனால் பத்து காய் வாங்கினேன். என் வாணலியில் ஒரு ஈட்டுக்கு ஆறு பஜ்ஜிதான் போட முடியும். ஏழாவதைத் திணித்தால் எண்ணெய் சூடு இறங்கி, பஜ்ஜி எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும். ஒரு ஈடு வேக நாலு நிமிடம். 92ஐ ஆறால் வகுத்தால் 16 ஈடு. 16 நாலு 64. கண்ணை மூடாமல், தும்மாமல், பாத்ரூம் போகாமல் 64 நிமிடம். சீவுவதும் மாவு கரைப்பதும் சட்னி அரைப்பதும் இதில் கிடையாது.

வாழைக்காய் சீவிய அனுபவம் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் தொட்டுவிட்டேன். அந்தப் பால் பட்டு விரலிடுக்கெல்லாம் கறுத்துப்போய், இன்னும் சோப்பு, எலுமிச்சை, புளி எதற்கும் போகவில்லை. இன்று ஆபீசில் பக்கத்து சீட் பெண் "என்னக்கா, பைக் ரிப்பேர் பண்ணீங்களா" என்கிறாள்.

முன்னாடியே போட்டு வைத்துவிடலாமே என்றால், அதுதான் நடக்காது. காயில் இருக்கிற ஆவி மேல்தோலுக்கு வந்து, பத்தே நிமிடத்தில் பஜ்ஜி நமுத்துவிடும். அதனால் ஆள் வந்த பிறகுதான் போட வேண்டும். 6 மணிக்கு வருகிறோம் என்றார்கள். நான் பைத்தியக்காரி, 6 மணிக்கு மாவு கரைத்தேன். நாலு பங்கு கடலை மாவு, ஒரு பங்கு அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, ஒரு சிட்டிகை சோடா மாவு. 6.15க்கு "கிளம்பிட்டோம்" என்று மெசேஜ். கிளம்பிட்டோம் என்றால் குளிக்கப் போகிறோம் என்று அர்த்தம். 7.40க்கு மூன்று கார், இரண்டு ஸ்கூட்டர். வந்து இறங்கிய மூச்சில் ஒரு குட்டி, "அத்தே, பஜ்ஜி வாசனையே வரலையே?"

முதல் ஈடு போட்டதுதான் தாமதம், அடுப்படியில் பட்டிமன்றம் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தால்தான் மொறுமொறு என்கிறார் மாமியார். சோடா போட்டால் எண்ணெய் குடிக்கும் என்று ஹாலிலிருந்தே குரல் கொடுக்கிறார் சின்ன மாமனார். ஓரகத்தி உள்ளே வந்து மாவில் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கெட்டியா இருக்கணுமோ?" என்று சொல்லிவிட்டு அந்த விரலைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். யாராவது கரண்டியை வாங்குவார்களா? ம்ஹூம். கருத்து மட்டும்தான் கிடைத்தது.

அப்புறம் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, நாத்தனார் புருஷன். கேட்டார், "இதை ஏர் ஃபிரையர்ல போடக் கூடாதா?" கொழகொழ மாவை ஏர் ஃபிரையரில் வைத்தால், அது வெந்து இறுகுவதற்கு முன்பே வழிந்து அடித்தட்டுக்குப் போய்விடும், மேலே அம்மணமாக வாழைக்காய் கிடக்கும். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மூன்றாவது பஜ்ஜியை எடுத்தார். எண்ணெய் வடியத் தட்டில் செய்தித்தாள் போட்டிருந்தேன். அச்சு மை உடம்புக்குக் கெடுதல், உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்றார். உண்மைதான், மாற்றினேன். உடனே அடுத்தது. பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காயக் கெட்டுப்போய்ச் சேருகிற சமாச்சாரம்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது, 2018லிருந்து சட்டமே இருக்கிறது, தெரியுமா? இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் கையில் ஆறாவது பஜ்ஜி. இருக்கிற எரிச்சலில், எனக்குள் எத்தனை சதவீதம் தாண்டிவிட்டது என்று அளக்க ஏதாவது கருவி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, ஏழாம் ஈட்டைத் திருப்பிப் போட்டேன்.

ஹாலில் ஆண்கள் எல்லாரும் டிவி முன்னால். அன்று காலை அலங்காநல்லூரில் நடந்த ஜல்லிக்கட்டை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். காளை ஒன்று யார் கைக்கும் சிக்காமல் போனதும் "ஆஹா" என்று ஒரு சத்தம், கூடவே "இன்னொரு தட்டு வரட்டும்" என்று ஒரு சத்தம். அவர்களுக்கு ஜல்லிக்கட்டு, எனக்கு ஜல்லிக் கரண்டி. வாசல்படியில் நின்று இரண்டு நிமிடம் பார்த்தேன். அங்கேகூடச் சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றுகிறார்கள். பனியன் நிறம் உட்பட மாறுகிறது. பக்கத்திலேயே மருத்துவக் குழு. நன்றாகப் பிடித்தவனுக்குக் கார். இங்கே 16 சுற்றுக்கும் ஒரே வீராங்கனை, அதே நைட்டி, முழங்கையில் எண்ணெய் தெறித்த கொப்புளத்துக்கு இட்லி மாவு.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "நான் ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" நல்ல மனுஷன். ஆனால் கையில் காலித் தட்டு. தட்டை நீட்டிக்கொண்டே ஹெல்ப் கேட்கிற கலையை இவர்கள் எல்லாரும் எங்கே படிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

தட்டுகளை எடுக்கப் போனேன். அங்கேதான் நிஜமாகவே நெஞ்சு வெடித்தது. பிள்ளைகள் தட்டில் பார்த்தால், மேல் மாவை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு வாழைக்காய் வில்லைகளை ஓரமாக அடுக்கி வைத்திருக்கின்றன. மஞ்சளாக, வெறும் உடம்போடு, 14 வில்லை. எண்ணினேன். பக்கத்திலேயே இன்னொரு தட்டு. அது டயட்டில் இருக்கிற கொழுந்தன் தட்டு. அவர் காயை மட்டும் தின்றுவிட்டு மாவுத் தோலைக் கழற்றிப் போட்டிருக்கிறார். இரண்டு தட்டையும் ஒன்றாக வைத்து ஒட்டினால் முழு பஜ்ஜி வந்துவிடும். இதற்கா ஐயா நான் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பொரித்தேன்? ஆளுக்கு ஒரு கிண்ணம் மாவும் ஒரு பச்சைக் காயும் கொடுத்திருக்கலாமே.

16ஆம் ஈடு இறங்கியது. கேஸை அணைத்தேன். முந்தானையால் கழுத்தைத் துடைக்கப் போய், போட்டிருப்பது நைட்டி என்பதே அப்போதுதான் உறைத்தது. சரியாக 9 மணி. அப்போது வந்தது அந்தக் குரல்.

"அண்ணி, ராத்திரிக்கு என்ன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. புளிக்காய்ச்சல் இருந்தது, சோறு வடித்தேன். முக்கொம்பில் சாப்பிட வேண்டிய புளியோதரையை அடுப்படி மேடை ஓரத்தில் தட்டுத் தட்டாகப் போட்டேன். எல்லாரும் இரண்டு வாய் தின்றுவிட்டு, "ஸ்டார்ட்டர்லயே வயிறு ரொம்பிடுச்சு" என்று மிச்சம் வைத்தார்கள்.

10.30க்குக் கிளம்பினார்கள். வாசலில் மாமியார், "ஈஸியா முடிஞ்சுது பாரு" என்றார். காணும் பொங்கல் என்றால் உறவுகளைக் காண்பதாம். அன்று நான் கண்டது பதினாறு முறை வாணலியின் அடி. என்னை ஒருத்தரும் கண்ட மாதிரி தெரியவில்லை. எனக்கென்று மிஞ்சியது எண்ணெயில் மிதந்த மாவுத் தூள் ஒரு கைப்பிடி, ஆடை கட்டிய டீ ஒரு டம்ளர். நின்றபடியே தின்றேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது நன்றாக இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்துபோய், கேட்காமலேயே வாணலியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தத் தூக்கு விஷயம் பாக்கி இருக்கிறது.

தீபாவளிக்கு அதிரசம் போட்டு நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பினேனே, அந்த எவர்சில்வர் தூக்கு. என் கல்யாணச் சீரில் வந்தது. பாத்திரக் கடையில் அந்த மெஷினை 'ர்ர்ர்' என்று வைத்து, அம்மா தன் பேரின் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தது. மூன்று மாதமாகக் கேட்கிறேன். "எந்தத் தூக்கு அண்ணி? எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே." காணும் பொங்கலுக்கும் கையை வீசிக்கொண்டுதான் வந்தாள்.

நேற்று மத்தியானம் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். 'இன்னைக்கு ரொம்ப டயர்டு, ஈஸியா தயிர் சாதம்.' தயிர் சாதம் எதில் இருக்கிறது என்கிறீர்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, அம்மாவின் எழுத்து.

அதன் கீழே நானும் ஒரு கட்டை விரலைத் தூக்கி வைத்திருக்கிறேன். கறை இன்னும் போகாத விரல்.