‘நேரமில்லை என்பது சாக்கு’ என்ற அண்ணனுக்கு

நம் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பயிற்சியாளர் அண்ணனின் அந்தக் குரல்பதிவு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது என்று உங்களுக்கே தெரியும், மறுபடி இங்கே போடவில்லை. சனிக்கிழமை புத்ராஜெயா சைக்கிள் பயிற்சிக்கு வராத, குழுவில் இருக்கும் ஒரு தங்கச்சியைப் பெயர் சொல்லி, "எல்லாருக்கும் 24 மணி நேரம்தான், நேரமில்லை என்பது சாக்கு" என்கிறார் பயிற்சியாளர் அண்ணன். கீழே கைதட்டல் வேறு.

சரி அண்ணே, கணக்குப் போடுவோம்.

60 கி.மீ. ஓட்ட இரண்டேகால் மணி நேரம். அதற்கு முன்னால்? காற்றடித்து, பிரேக் பார்த்து, விளக்கு மாட்டி, காரில் ஏற்றி, செந்தூலிலிருந்து அங்கே போய் இறக்க ஒன்றேகால் மணி. இங்கே மலேசியாவில் விடிவதே ஏழு மணி வாக்கில்தான். ஒன்பதரையைத் தாண்டினால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆக இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். முடிந்ததும் வீடு திரும்பணும். சாலை ஈரமாக இருந்தால் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடணும், இல்லாவிட்டால் மறுநாளே துரு. பாட்டில் கழுவணும், வியர்வைத் துணி ஊற வைக்கணும். இரண்டேகால் ஐந்து மணி நேரமாகிவிட்டது. அந்த ஐந்து மணி நேரத்தில் பிள்ளைக்குப் பசியாற கொடுப்பது யார்? டியூஷனுக்கு ஏற்றிப்போவது யார்? அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறார். தங்கச்சி வீட்டில் தங்கச்சி மட்டும்தான்.

எல்லாருக்கும் 24 மணி நேரம் இல்லை, அண்ணே. வீட்டில் ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் நமக்குப் பயிற்சி நேரம்.

"ஊக்கப்படுத்தத்தானே சொன்னார்" என்பவர்களுக்கு: பெயர் சொல்லியா? போகட்டும்.

"நேரமில்லாதவர் ஏன் போர்ட் டிக்சன் டிரையத்லானுக்குப் பதியணும்?" என்றும் ஒருவர் கேட்டார். இதில் பாதி நியாயம் உண்டு. லங்காவி முழு அயர்ன்மேன், 3.8 கி.மீ. நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம் என்றால் நானே இப்போது வேண்டாம் என்பேன். தங்கச்சி பதிந்தது ஒலிம்பிக் தூரம்: 1.5 கி.மீ. நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். மேடையேற இல்லை, முடிக்க. அதற்கு வாரம் ஆறு மணி நேரம் போதும், பிரிக்கத் தெரிந்தால். பிள்ளை தூங்கியபின் வீட்டிலேயே டர்போவில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) 46 நிமிடம்: 10 நிமிடம் உடம்பைச் சூடேற்றி, பிறகு 8 நிமிடம் அழுத்தி 4 நிமிடம் தளர்த்துவது மூன்று தடவை. மின்விசிறி நேராக முகத்துக்கு. இல்லையென்றால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் நாடித்துடிப்புதான் ஏறும், காலுக்கு வேலை கிடைக்காது. ஹேண்டில்பாரில் துண்டு போடுங்கள், வியர்வை உப்பு போல்ட்டை அரித்துவிடும். நீச்சல் ஒரு நாள், 45 நிமிடம். அதைக் காலையிலேயே முடிப்பது நல்லது; சாயங்காலம் இடி இடித்தால் குளத்தை மூடிவிடுவார்கள். இரண்டு ஓட்டம், ஒன்று 40 நிமிடம், ஒன்று ஒரு மணி நேரம். வாரக் கடைசியில் நீண்ட சைக்கிள், இறங்கியதும் 15 நிமிடம் ஓட்டம், கால் பழக.

வாரம் குழம்பினால் முதலில் ஓர் ஓட்டத்தை விடலாம். நீச்சலை விடாதீர்கள், தண்ணீரைப் பிடிக்கும் கை சீக்கிரம் மறந்துபோகும். விட்டதை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடவே கூடாது, குதிகாலும் கெண்டைக்காலும் அப்படித்தான் போகின்றன. ஆறு மணி நேரம்கூடத் தூங்காத மறுநாள் அழுத்தும் பயிற்சி வேண்டாம், பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதா? மாதக் கட்டணம் வாங்கும்போது நன்றாகத் தெரியும்.

"நாலு மணிக்கு எழுந்து ஓடலாமே" என்கிறீர்கள். பாதி விளக்கு எரியாத தாமான் (குடியிருப்பு) சாலையில், நாய்க்கூட்டத்துக்கு நடுவே, ஒரு பெண் தனியாக? உங்கள் மகளை அனுப்புவீர்களா? கோபமாகத்தான் கேட்கிறேன். அப்பாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போன காலத்தில் எனக்கும் இந்தச் ‘சாக்கு’ப் பட்டம் கிடைத்தது, கொடுத்தவர் இந்த அண்ணன் இல்லை. அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

தங்கச்சி, இதைப் படித்தால்: என்னிடம் ஒரு டர்போ சும்மா கிடக்கிறது. பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வகை, 11 பல்சக்கரக் கேசட் (சங்கிலி ஓடும் பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) போட்டது. உங்கள் சைக்கிள் 10 என்றால் கேசட்டை மாற்றணும், கழற்றும் சாவி என்னிடம் உண்டு. இன்பாக்ஸில் சொல்லுங்கள், செந்தூலுக்கே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு எனக்கும் வீட்டு வேலை இருக்கிறது.