இரண்டோடு நிறுத்தியவள்

மகள் போன் பண்ணினால் முதல் பத்து நிமிஷம் வீட்டுச் சேதிதான். பெரியப்பா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு ஹீரோ மாதிரி திரிகிறார், சித்தி பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அப்புறம் நான் அரசியலுக்குத் தாவிவிடுவேன். "ஆரம்பிச்சுட்டியாம்மா" என்பாள்.

இந்த வாரம் தாவத் தேவைப்படவில்லை. சித்தி பையனுக்குச் சொந்தத்தில் தேடினால் பெண்ணே இல்லை. என் பாட்டிக்கு ஒன்பது, அம்மாவுக்கு ஐந்து, எனக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. "உன் மகளுக்குப் பிறக்கிறது மாமான்னு கூப்பிட ஆளே இருக்காதுடி" என்றேன். அங்கிருந்துதான் தொகுதி மறுவரையறைக்குப் போனோம், அதாவது ஜனத்தொகைப்படி மாநிலங்களுக்கு எம்.பி. இடங்களைத் திரும்பப் பங்கு போடுவதற்கு.

இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள் நான். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணம் போட்டு சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். ஜனத்தொகையைக் கட்டுப்படுத்துகிற மாநிலம் எம்.பி. இடத்தை இழக்கக் கூடாது என்றுதான் 1976இல் அரசியலமைப்பில் 42ஆவது திருத்தம் கொண்டுவந்து, 1971 கணக்கெடுப்போடு இடங்களை நிறுத்தி வைத்தார்கள். 2001இல் 84ஆவது திருத்தம் அதை நீட்டித்தது, 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை. இதோ, 2027 கணக்கெடுப்பு. தமிழ்நாட்டுக்கு இழப்பு புதிதில்லை. 1962 தேர்தலில் 41 இடம், 1967இல் 39.

"ஜனம் அதிகமா இருக்கிற மாநிலம் கூடுதல் எம்.பி. கேக்குறது தப்பாம்மா? எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்புதானே?" என்றாள். நியாயமான கேள்வி, சட்டென்று பதில் வரவில்லை. உத்தரப்பிரதேசத்துக்காரியின் ஓட்டு என் ஓட்டைவிட மட்டம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் "உங்கள் இடம் குறையாது, மொத்தம்தான் கூடும்" என்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். 543இல் 39 வேறு, 800இல் 39 வேறு. மாநிலங்களவையாவது மாநிலங்களைச் சமமாகப் பார்த்தால் மனசு ஆறும். அங்கேயும் தலைக்கணக்குதான்: நமக்கு 18, உத்தரப்பிரதேசத்துக்கு 31. எண்ணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும், நம் பங்கு தேயக் கூடாது. இதைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமில்லை. கணக்கில் கெட்டிக்காரி அவள்.

இப்போது கல்யாண மேடைகளில் தலைவர்கள் நிறையப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். மகளின் மாமியார் வீட்டிலும் இரண்டாவது கேட்கிறார்களாம். "எம்.பி. சீட்டுக்காகப் பெத்துக்கவாம்மா?" என்று சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெற்றால் வளர்க்கப்போவது அவள். வேலையையும் பார்த்துக்கொண்டு ஒன்றோடு படுகிற பாடு எனக்குத் தெரியும்.

வைக்கும்போது சித்தி பையன் ஜாதகத்தை அனுப்பச் சொன்னாள். ஆபீஸில் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாளாம். வீட்டுக்கு ஒரே பிள்ளை.