லாரியிலும் தடுப்பு வேண்டும்

குப்பையைப் பிரித்துக் கொடுக்காத வீடுகளுக்கு அபராதம் போட வேண்டும் என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. போடட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிரித்துக் கொடுத்த குப்பை அப்புறம் எங்கே போகிறது என்பதையும் கேட்டிருக்கலாம். எங்கள் நகராட்சியின் பேட்டரி வண்டியில் பச்சை, நீல டிரம்கள் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. தெருமுனையில் லாரி வந்ததும் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். இதைப் பார்த்த பிறகு எதிர்வீட்டு அக்கா எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

மக்கும் குப்பை தனியாகப் போனால் உரமாகும். மக்காததில் சோறும் குழம்பும் படாமல் இருந்தால்தான் அதற்கு விலை. பால் கவரைக் கழுவி வைத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். அதே கவர் மீன் கழிவோடு சேர்ந்தால் யாருக்கும் வேண்டாம், நேரே குப்பைக் கிடங்குக்குத்தான். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் கலந்து கொட்டியதைத்தான் சென்னை மாநகராட்சி பயோமைனிங் என்று தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டியதாயிற்று.

இவை தவிர, தனிக் கவனத்தோடு கையாள வேண்டிய குப்பையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நாப்கின், டயபர், உடைந்த டியூப்லைட், காலாவதியான மாத்திரை. நாப்கினையும் டயபரையும் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா இதையெல்லாம் வெறுங்கையால்தான் பிரிக்கிறார். அபராதத்துக்கு முன்னால் அவருக்கு நல்ல கையுறையும், லாரிக்கு நடுவே ஒரு தடுப்பும் கொடுங்கள்.