தங்கத்தைவிட அந்த ஆணிகள்

சட்டன் ஹூ என்பது இறந்தவரைக் கப்பலோடும் பொன்னோடும் மண்மேட்டுக்கடியில் புதைத்த பழைய இடம். அதன் பெயரைச் சொன்னாலே எல்லோரும் அங்கே கிடைத்த தலைக்கவசத்தின் படத்தைத்தான் பகிர்கிறார்கள். எனக்குப் பிடித்தது 1939-இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இங்கிலாந்தின் சஃபோக்கில், மணலுக்குள் 27 மீட்டர் நீளக் கப்பல். உற்றுப் பார்த்தால் அங்கே கப்பலே இல்லை! அமிலம் மிகுந்த மண் 1300 வருடத்தில் மரத்தை முழுசாகத் தின்றுவிட்டது. பலகைகளை இணைத்த இரும்புத் தறையாணிகள் மட்டும் துருவேறி, வரிசை குலையாமல் இருக்கின்றன.

இதைத் தோண்டியவர் பாசில் பிரவுன். பள்ளிப்படிப்பு 12 வயதோடு சரி. நிலத்துக்காரர் ஈடித் பிரிட்டி அம்மையார்தான் அவரை வேலைக்கு வைத்தார். முந்தைய வருடம் பக்கத்து மேட்டில் ஆணிகள் கிடைத்தபோதே ஆல்ட்பரோ அருங்காட்சியகத்துக்குப் போய், ஸ்னேப் என்ற ஊரில் 1862-இல் கிடைத்த கப்பல் ஆணிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வந்த ஆள். அதனால் மண்ணில் துருச்சிவப்பு தெரிந்ததுமே உஷாராகிவிட்டார். ஒன்றையும் பிடுங்கவில்லை. ஆணி இருந்த இடத்தில் விட்டுவிட்டு, உள்பக்கத்து மணலை மட்டும் மெல்ல மெல்ல எடுத்தார். ஆர்வக்கோளாறில் நாலு ஆணியை உருவியிருந்தால் கப்பல் அவ்வளவுதான்.

ஜூலையில் கேம்பிரிட்ஜிலிருந்து தொல்லியலாளர் சார்லஸ் பிலிப்ஸ் வந்து பொறுப்பேற்றார். இரண்டாம் உலகப்போர் வாசலில் நின்ற நேரம், தேர்ந்த ஆட்கள் வேண்டும். சரி, அது நியாயம்தான். அவர் குழுவில் இருந்த பெக்கி பிகட் கையில் முதல் தங்கம் தட்டுப்பட்டது. அப்புறம் 400 கிராமுக்கு மேல் எடையுள்ள இடுப்புவார்க் கொக்கி, ஒவ்வொன்றும் வெவ்வேறு அச்சுச்சாலையில் அடித்த 37 பொற்காசுகள், சிவப்புக் கார்னெட் கற்கள் என்று வந்துகொண்டே இருந்தன. புதைத்தவர்கள் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைக்கவில்லை, ஆகவே அரசுக்கு உரிமையில்லை என்று விசாரணையில் முடிவானது. எல்லாம் பிரிட்டிக்கே சொந்தம். அவரோ மொத்தத்தையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். என்ன மனசு! ஆனால் அங்கே காட்சிக்கு வைத்தபோது பிரவுன் பெயர் நெடுங்காலம் இல்லை. இதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. தங்கம் யார் தோண்டியிருந்தாலும் கிடைத்திருக்கும். கப்பல் கிடைத்திருக்காது.

போர் வந்ததும் புதையலை லண்டனில் ஆல்ட்விச் சுரங்க ரயில் நிலையத்தில் பத்திரப்படுத்தினார்கள். கப்பலின் தடத்தைப் பெரணி இலை போட்டு மூடினார்கள். பயிற்சிக்கு வந்த ராணுவ வண்டிகள் அதன்மேல் ஏறிப் போயின.