லொத்தர் விழாத கொல்ஃப்

(மண்டூர் வட்டையிலுள்ள வயல் வாடி. பின்னேரத் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஸ்கொட்லாந்திலுள்ள மகனிடம் விடுமுறைக்குச் சென்று திரும்பிய ஓய்வுபெற்ற மாஸ்டர், வெள்ளைப் பந்தொன்றைப் போடியாரின் உள்ளங்கையில் வைக்கிறார்.)

மாஸ்டர்: கொல்ஃபின் தாய்வீடான சென். அன்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஒரு காலைப்பொழுது முழுவதையும் கழித்த நினைவாக, போடியாருக்கென்றே இதைக் கொண்டுவந்தேன்.

போடியார் (பந்தைத் தடவியபடி): அம்மைத் தழும்புபோல உடம்பெல்லாம் குழியாக இருக்கிறதே. புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம், மாஸ்டர்.

மாஸ்டர்: அந்தக் குழிகள் இருப்பதால்தான் பந்து தூரம் போகிறது, வழவழப்பான பந்தென்றால் பாதி வழியிலேயே விழுந்துவிடும். இதை 4.25 அங்குல அகலமுள்ள குழிக்குள் விழுத்த வேண்டும். மொத்தம் 18 குழிகள். 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

போடியார்: ஒரு பந்துக்கு 14 மட்டையா? முப்பது மாட்டை நான் ஒரு கம்பால் சாய்த்துக்கொண்டு போகிறேன்.

மாஸ்டர்: கடலோரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல், அதன் நடுவே 112 பங்கர்கள்…

போடியார் (தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து): பங்கரா? அங்கேயும் ஷெல் அடித்தார்களா?

மாஸ்டர்: இது மணற்குழி, போடியார். கடற்காற்றுக்கு ஒதுங்கிய செம்மறிகள் கிடந்து கிடந்து உண்டாக்கிய குழிகள் என்று சொல்லுவார்கள். அவற்றுள் ஒன்றுக்கு நரகம் என்றே பெயர்.

போடியார்: ஆட்டைத் துரத்திவிட்டு ஆடு கிடந்த குழியைக் காப்பாற்றுகிறார்களா! கோடையில் மேய்ச்சல் தரை தேடிப் பட்டியோடு நான் அலைகிற அலைச்சலுக்கு, அந்தப் புல்லில் பாதி இங்கே இருந்தால் போதும்.

மாஸ்டர்: வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதன் பின்னால் திரிகிறார்களென்று, 1457இல் அந்நாட்டு அரசரே கொல்ஃபைத் தடை செய்தார்.

போடியார்: நல்ல மனிதர். சரி, நீங்கள் எத்தனை குழியில் விழுத்தினீர்கள்?

மாஸ்டர்: கடைசிக் குழிக்குப் போகிற வழியில் ஸ்வில்கன் என்றொரு பழைய கற்பாலம் இருக்கிறது, முப்பது அடி நீளம்தான், ஆனாலும் அதன்மேல் நின்று படமெடுக்காதவர்…

போடியார்: நான் பாலத்தைக் கேட்கவில்லை, குழியைக் கேட்டேன்.

மாஸ்டர்: அங்கே விளையாடுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டு, குலுக்கலில் வருமா என்று பார்த்திருக்க வேண்டும்.

போடியார்: லொத்தரா? விழுந்ததா?

மாஸ்டர்: மகனும் நானும் மூன்று முறை கொடுத்தோம், விழவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊருக்குப் பொதுவான நிலம் என்பதால், அன்றைக்கு யாரும் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம். மகனுடைய நாயோடு நானும் நடந்தேன்.

போடியார்: அப்படியென்றால் இந்தப் பந்து?

மாஸ்டர் (குரலைத் தாழ்த்தி): முட்புதருக்குள் இருந்து நாய் கவ்விக்கொண்டு வந்தது.

போடியார் (பந்தைப் பாயில் வைத்துவிட்டுச் சால்வையில் கையைத் துடைத்தபடி): ஆக, விளையாடியது நாய், நீங்கள் வேடிக்கை பார்த்தவர்.

மாஸ்டர்: அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள், போடியார். கயிறு முழு நேரமும் என் கையில்தான் இருந்தது.