ஆசிரியரைப்போல வரையாத மாணவர்கள்
மறைந்த ஓவிய ஆசிரியர் தம் பாணியில் வரையும் மாணவர்கள் வழியாகவே வாழ்கிறார் என்று இங்கே நான் படித்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் 1892 முதல் 1898இல் மறையும் வரை கற்பித்த பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் மோரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பயின்று பின்னர் புகழ்பெற்ற ஓவியர்களான மத்தீஸும் ரூவோவும் நாளடைவில் அவரைப்போலவும் வரையவில்லை, ஒருவரைப்போல மற்றவரும் வரையவில்லை. ஆனாலும் 1903இல் திறக்கப்பட்ட மோரோ அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர் அதே ரூவோதான். எனக்குக் கற்பித்தவர் சென்ற ஆண்டு காலமானார். எங்கள் தாளில் அவர் தூரிகை பட்டதே இல்லை. ஓரத்தில் பென்சிலால் குட்டியாக ஒன்றை வரைந்து காட்டிவிட்டு, "இப்போது நீயே பார்" என்று நகர்ந்துவிடுவார். நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலக்கச் சொல்வார். அந்தச் சாம்பல் நிறத்தில் நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. எத்தனை விதமான நிழல்கள்! அவரிடம் படித்த எங்களில் யார் படத்திலும் அவர் சாயல் இல்லை, கறுப்பு நிழலும் இல்லை. ஆசிரியர் கைவைத்துத் திருத்தினால்தான் மாணவனுக்கு விளங்கும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு ஒன்று: என் தோழி ஒருத்தி வேறொரு ஆசிரியர் திருத்திக்கொடுத்த படத்துக்குப் பரிசு வாங்கினாள், அதைத் தன் படம் என்று அவள் இதுவரை யாரிடமும் காட்டியதில்லை.