உள்தாழ்ப்பாள்

(மும்பை, செம்பூர். ஜூலை மாத மாலை, விடாத மழை. கோமதி குர்லா நிலையத்தின் நடைமேடையில் நிற்கிறாள். பக்கத்து வீட்டு ருக்மணி மாமி கோமதியின் வீட்டு வாசலில். கதவுக்குப் பின்னால், எதற்கும் பயப்படும் 11 வயது கார்த்திக். கோமதியும் மாமியும் போனில் பேசுகிறார்கள்.)

கோமதி: மாமி, உள்ளே போய்விட்டீர்களா?

மாமி: எங்கே போவது? தாழ்ப்பாள், சங்கிலி இரண்டையும் போட்டிருக்கிறான். போதாதென்று நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுக்கும் சத்தமும் கேட்டது.

கோமதி: ரகசியச் சொல்லைச் சொன்னால் திறப்பானே! காலையில் சொல்லிவிட்டுத்தானே கிளம்பினேன்?

மாமி: நீ சொல்லும்போது குக்கர் கூவியது. ஏதோ காய் என்பது மட்டும் காதில் விழுந்தது. கத்தரிக்காயில் தொடங்கிப் புடலங்காய் வரை வந்திருக்கிறேன்.

கோமதி: வாசலில் நின்று கத்தினீர்களா?

மாமி: மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்க வேண்டாமா? எதிர்வீட்டு மராத்திப் பாட்டி, நம் ஆஜி, பையோடு வந்து நிற்கிறார். வெண்டைக்காய் கால் கிலோ வேண்டுமாம். நம்மோடு இருந்து இத்தனை வருடமாகக் கற்ற தமிழ் இன்றைக்குப் பார்த்தா வேலைக்கு வரவேண்டும்!

கோமதி: சுண்டைக்காய், மாமி!

மாமி: சுண்டைக்காயை யாராவது ரகசியமாக வைப்பார்களா? (கதவை நோக்கி) டேய், சுண்டைக்காய்! ... செல்லாதாம். நீ சொல்லிக்கொடுத்தது அவன் காதிலும் விழுந்துவிட்டதாம்.

கோமதி: போனைக் கதவருகே பிடியுங்கள். நானே பேசுகிறேன்.

மாமி: பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் குரலைக் கணினியில் நகலெடுத்து யாராவது ஏமாற்றலாமாம். பள்ளியில் எச்சரித்திருக்கிறார்களாம்.

கோமதி: மழையைக் கண்டு மிரண்டிருக்கிறான், மாமி. 2005 வெள்ளத்தைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மாமி: நான்தான் சொன்னேன். தைரியம் வரட்டும் என்று சொன்னேன். ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர், அதையே பார்த்தவர்கள் நாங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் சயானிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மறுநாள் காலை வந்து சேர்ந்ததைச் சொன்னேன். அதுவரை நன்றாகத்தான் கேட்டான். எருமைகள் மிதந்து போனதைச் சொன்னதும்தான் முகம் மாறியது.

கோமதி: எருமையை எதற்கு மாமி இழுத்தீர்கள்?

மாமி: கதை என்றால் நாலும் இருக்கும். ஆனால் அவன் என்னையே பயமுறுத்திவிட்டான். கடல் ஏறியிருக்கும்போது கனமழை பெய்தால் மழைத்தண்ணீர் வடிகால் வழியே கடலுக்குப் போகாதாம், ஊருக்குள்ளேயே நிற்குமாம். கதவுக்குள்ளிருந்து பாடம் நடத்துகிறான். "நாம் மூன்றாவது மாடியடா" என்றேன். "மின்சார மீட்டர் எல்லாம் கீழேதானே, மாமி?" என்கிறான். இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மீட்டரைப் பற்றிக் கவலை இருந்ததில்லை. இப்போது வந்துவிட்டது.

கோமதி: இங்கே தண்டவாளமே தண்ணீருக்குள் போய்விட்டது. ஆட்டோக்காரர் யாரும் வர மறுக்கிறார்கள். இரண்டே நிலையம்தான், நடந்தே வந்துவிடட்டுமா?

மாமி: வேண்டாம், அங்கேயே நில். இரு, ஏதோ கேட்கிறான்... நான் உண்மையான மாமிதானா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வியாம். போன தீபாவளிக்கு நான் கொடுத்த மைசூர்பாகு எப்படி இருந்தது என்று கேட்கிறான்.

கோமதி: ஐயோ!

மாமி: இதில் என்ன ஐயோ? (கதவை நோக்கி) பிரமாதமாக இருந்ததடா! ... தவறான விடையாம்.

கோமதி: மாமி... தப்பாக நினைக்கக்கூடாது.

மாமி: சொல்.

கோமதி: கல் மாதிரி இருந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

(ஆஜி பையை மடித்து இடுக்கிக்கொண்டு, கிளம்பாமல் நிற்கிறார்.)

மாமி: (கதவை நோக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு) கல் மாதிரி இருந்தது.

(நாற்காலி நகர்கிறது. சங்கிலி, பிறகு தாழ்ப்பாள்.)

மாமி: திறந்துவிட்டான். கோமதி, அந்த விடை உனக்கு எப்படித் தெரியும்?

கோமதி: மாமி, ரயில் கிளம்புகிறது, வைக்கிறேன்!

மாமி: தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது என்றாயே? கோமதி! கோமதி!